வாறன் என்று சொன்ன தளபதி

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கும். கீழ்மாடியில் இருந்த பலெர்மோக் கிழவி ஒருமுறை படியேறி வந்து அவற்றைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த மூக்குச் சிந்தும் சத்தத்தையும் கேட்டாள். "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான், அன்றைக்கு நாங்கள் ரீவியில் பார்த்த கதையில் ஒரு ராணி இறந்துபோயிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. ஓம் என்று சொல்லியிருக்கலாமோ, பொய் சொல்லிவிட்டேனோ என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். என் சுபாவம் அப்படி.

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு ஞாயிறு முழுநாளும் வியாழன் அரைநாளும் லீவு. ஞாயிறு சமையலிலும் உடுப்புத் தோய்ப்பிலும் விருந்தாளிகளிலும் போய்விடும். வியாழன் பின்னேரம் மட்டும்தான் ஒருவரும் உரிமை கோராத நேரம். எங்கள் வீடு நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், பலாரோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு அறையில் நானும் கணவரும் மகளும். அடுத்த அறையைத் தங்கச்சி வாடகைக்கு எடுத்திருந்தாள். கூடப்பிறந்த தங்கச்சி அல்ல, நான் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே ஆகிவிட்டவள். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கூடத்தில் சிஞ்ஞோரா ஒருத்தி, அதாவது வேலைவீட்டு அம்மா ஒருத்தி, கழித்துத் தந்த ரீவியும், நாங்கள் புதிதாக வாங்கிய வீடியோ டெக்கும் இருந்தன. என் கணவர் உணவகத்தில் வேலை, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே வியாழக்கிழமைப் பெண்களுக்கு எங்கள் வீடு வசதியாகப் போய்விட்டது.

அந்தக் கொப்பிகளை அனுப்பியது சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள். வீடியோ கசெற்றை நாங்கள் கொப்பி என்றுதான் சொல்வோம். மகளுக்குத் தமிழ் காதில் விழ வேண்டும் என்று நினைத்து, நல்ல தமிழ்ப் படங்களாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அவள் அனுப்பியது சீன அரண்மனைக் கதை. அங்கே தொலைக்காட்சியில் போனதைக் கிழமைக்குக் கிழமை பதிந்து வைத்திருக்கிறாள். "நான் பார்த்து அழுத கதை, நீயும் பார்" என்று ஒரு துண்டுக் கடிதமும் வைத்திருந்தாள். தமிழ் கேட்டதற்குச் சீனம் அனுப்பியிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. பார்த்த தமிழ்ப் படங்களையே திருப்பித் திருப்பிப் பார்த்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒரேத்தோப் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் மாமிதான் அலுமாரிக்கு மேலே இருந்ததைக் கண்டாள்.

"உது என்ன கொப்பி?"

"சீனக் கதை மாமி. எங்களுக்கு விளங்காது. கீழை இங்கிலீசிலை எழுத்து மட்டும் வரும்."

"நீ படிச்சனி தானே. வாசிச்சுச் சொல்லு."

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்துவிட்டு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள் நான். பலெர்மோவில் அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. மாமி கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் ரீவிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு, கீழே ஓடும் எழுத்தைத் தமிழாக்கிச் சொன்னேன். வெளிச்சம் பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். அவள் திரும்பத் திரும்ப ரீவிப் பக்கம் திரும்புவாள்.

கதை இதுதான். அரண்மனையில் அரச குடும்பத்துக்குப் பூவேலை செய்யும் ஒரு தையல்காரி. எல்லைப்படையிலிருந்து வந்த ஒரு தளபதி. அவனுடைய மேலங்கி கிழிந்துவிடுகிறது, அவள் தைத்துக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு அவனுடைய உடுப்பு அடிக்கடி கிழிகிறது. சீனப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. தளபதி, தையல்காரி, பெரிய ராணி, தாடி மந்திரி என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

மொழிபெயர்ப்பது லேசான வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ராசாவுக்கும் அதுதான், குதிரைக்காரனுக்கும் அதுதான். தமிழில் வாய் திறக்க முதலே யாருக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தையல்காரி தளபதியை 'நீங்கள்' என்றாள். தளபதி அவளை 'நீ' என்றான். ஒரு கிழமை முழுவதும் அது எனக்கு உறுத்தியது. அவன் நல்லவன், அவளை ஏன் நீ என்று கூப்பிட வேண்டும்? அடுத்த வியாழன் அவனை 'நீர்' என்று பேச வைத்தேன். எங்கள் பக்கத்தில் அது மரியாதையும் உரிமையும் பாதிப் பாதி கலந்த சொல். புருசன்மார் பெண்சாதிமாரைக் கூப்பிடுவது.

மாமி உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கவனிச்சியளே? நீர் எண்டுறான்."

"நான் அப்பவே நினைச்சனான், உவன்ரை பார்வை சரியில்லை எண்டு," என்றாள் வேறொருத்தி.

"பார்வைக்கு என்ன குறை? நல்ல பார்வை."

"பார், மாமிக்கு வெக்கம் வருகுது."

அன்றைக்குக் கதையில் அவர்கள் இரண்டு பேரும் பேசியது பட்டு நூலின் விலையைப் பற்றி மட்டும்தான்.

அந்தக் காதல் எங்கள் பெண்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வேலை செய்யும் வீடுகளில் சிஞ்ஞோராக்கள் மத்தியானத்தில் தென்னமெரிக்கத் தொடர்கள் பார்ப்பார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று உடுப்பு மினுக்குவோம். அதில் வருபவர்கள் சண்டை பிடித்தாலும் முத்தம், சமாதானமானாலும் முத்தம். எங்களுக்குச் சூடான மினுக்குப் பெட்டியைப் பார்ப்பதா ரீவியைப் பார்ப்பதா என்று தெரியாது. இந்தச் சீனக் கதையில் தளபதியும் தையல்காரியும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. அவள் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டுவாள். அவன் இரண்டு கையாலும் வாங்குவான். விரல் படுமா படாதா என்று அறை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். படாது. எல்லோரும் ஒன்றாகப் பெருமூச்சு விடுவோம்.

"இப்பிடியே போனா இவைக்குப் பிள்ளை பிறக்க நூறு வருசம் செல்லும்," என்று யாராவது சொல்வார்கள்.

எங்களுடன் மொரீசியஸ் அக்கா ஒருத்தியும் வருவாள். அவளுடைய பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸுக்குப் போன குடும்பம். தேவாரம் இரண்டு தெரியும், தைப்பூசத்துக்கு விரதம் பிடிப்பாள், ஆனால் பேச்சுத் தமிழ் எங்களிடம் பொறுக்கியதுதான். ஆங்கிலம் என்னைவிடக் கெதியாக வாசிப்பாள். நான் வாய் திறக்க முதல் அவள் சிரித்துவிடுவாள், அல்லது கண்ணைத் துடைத்துவிடுவாள். "இவள் முன்னாலை போய்ப் பார்த்திட்டு வாறாள்" என்று மாமி முறைப்பாள்.

தங்கச்சி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அவள் அழுவதும் இல்லை, பகிடி விடுவதும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஊரிலேயே ஒரு பெடியனை நிச்சயம் பண்ணியிருந்தது. அவள் சித்தப்பா மூலம் வேலைக்கு இங்கே வந்துவிட்டாள். அவன் ஏஜென்சிக்காரனோடு மொஸ்கோ வழியாகப் புறப்பட்டான். மொஸ்கோவிலிருந்து சில தரம் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். குரல் அமைதியாக இருக்கும். "அடுத்த கிழமை வெளிக்கிடுவம் போலை" என்பான். கடைசியாக அப்படிச் சொன்ன பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவனோடு புறப்பட்டவர்களில் சிலர் ஜெர்மனியில் வெளிப்பட்டார்கள். ஒரு எல்லைக்குக் கிட்ட, காட்டுக்குள் ஆட்களைப் பிரித்துவிட்டார்கள் என்றும், அவன் மற்றக் கூட்டத்தோடு போனவன் என்றும் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. அப்படியே ஒரு வருசம் கடந்து அடுத்த வருசமும் பாதி போய்விட்டது.

சூரிச்சில் இருந்த அவளுடைய அண்ணா அங்கே வேறொரு மாப்பிள்ளை பார்த்திருந்தான். நல்ல பெடியன், வேலையும் விசாவும் உண்டு. தை பிறக்க முதல் அவர்களுக்குப் பதில் வேண்டும். தங்கச்சி பிடி கொடுக்கவில்லை. கடைசியில் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, அவள் உங்கடை சொல்லுக் கேப்பாள். ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இருக்கிறது?"

"ஓம் தம்பி, கதைக்கிறன்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, என்ன கதைப்பது என்று தெரியவில்லை. காத்திரு என்று சொல்லி, அவன் வராமலே போய்விட்டால்? காத்திராதே என்று சொல்லி, அடுத்த கிழமை அவன் கதவைத் தட்டினால்? இரண்டு பக்கமும் பழி என் தலையில்தான். ஆனால் கதைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. நவம்பர் தொடக்கம், சந்தையில் சீனிப்பாகில் செய்த குதிரைவீரன் பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அவள் அதற்குத் தளபதி என்று பெயர் வைத்து, தளபதியின் தலையை நக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா எடுத்தவர்," என்றேன்.

"தெரியும் அக்கா."

"என்ன சொல்லட்டும்?"

அவள் கத்தியை வைக்கவில்லை. "சீனக் கதை முடியட்டும். இன்னும் ஒரு கொப்பி தானே கிடக்கு. பேந்து சொல்லுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வேறு யாராவது என்றால் பகிடி என்று விட்டிருப்பார்கள். எனக்கு அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கதையின் முடிவைப் பார்த்து இவள் முடிவெடுக்கப் போகிறாள், அந்த முடிவை வாசிக்கப் போகிறவள் நான்.

கடைசிக் கொப்பியை நான் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கலாம். எல்லோரும் ஒன்றாகப் பார்ப்பதுதான் முறை என்று தொடவில்லை. அந்த வியாழன் அறை நிறைந்துவிட்டது. மாமி கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கதையில் பனி பெய்கிறது. தளபதியை மீண்டும் எல்லைக்கு அனுப்பச் சொல்லித் தாடி மந்திரி ராசாவிடம் உத்தரவு வாங்கிவிட்டான். தையல்காரி விடிய விடிய இருந்து தைத்த மேலங்கியைக் கோட்டைக் கதவடிக்குக் கொண்டு வருகிறாள். இரண்டு கையாலும் நீட்டுகிறாள், அவன் இரண்டு கையாலும் வாங்குகிறான். விரல் படவில்லை. அவன் அவளைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்கிறான்.

"வாறன்," என்று வாசித்தேன்.

குதிரை போகிறது. பெரிய மரக்கதவு மெதுவாகச் சாத்திக்கொள்கிறது. பிறகு எழுத்துகள் ஓடின. பிறகு சிங்கப்பூர்ச் சவர்க்காரத் தூள் விளம்பரம் வந்தது.

மகள் திரையைக் காட்டி, "அம்மா, தோர்னா?" என்றாள். திரும்பி வருவானா என்று கேட்கிறாள். பாலர் பள்ளியில் விட்டுவிட்டுப் போகும்போது என்னிடம் கேட்கும் அதே கேள்வி.

"பிள்ளையே கேக்குது," என்றாள் மாமி. "மிச்சக் கொப்பி எங்கை?"

"அவ்வளவுதான் மாமி."

"என்ன அவ்வளவுதான்? வாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனவன். வந்தாத்தானே கதை முடியும். உன்ரை பெரியம்மான்ரை மகள் ஒரு கொப்பியை விட்டிட்டாள். இல்லாட்டித் தபாலிலை துலைஞ்சிருக்கும்."

மொரீசியஸ் அக்கா தலையை ஆட்டினாள். "இல்லை, இல்லை. அவன் வாறன் சொல்ல இல்லை. 'ஐ ஆம் கோயிங்' சொன்னது. வாதோ. வெங்கோ இல்லை."

வாதோ என்றால் போகிறேன், வெங்கோ என்றால் வருகிறேன். அவ்வளவு இத்தாலியன் அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஓம், அதைத்தானே இவளும் சொன்னவள்," என்றாள் மாமி. "போகேக்கை வாறன் எண்டு தானே சொல்லுறது. வேறை என்னண்டு சொல்லுறது?"

"போறன் எண்டு."

"சீ," என்றார்கள் பலர் ஒரே நேரத்தில்.

"சண்டைக்குப் போறவன் வாயாலை போறன் எண்டு சொல்லுவானே? அந்தப் பெட்டையும் கேட்டுக்கொண்டு நிப்பாளே?"

"சீனாக்காரனுக்கு எங்கடை வழக்கம் தெரியுமோ மாமி?"

"மனுசன் எண்டாத் தெரியும்."

மொரீசியஸ் அக்கா என்னைப் பார்த்தாள். "நீ வாசிச்சது தானே. சொல்லு. கோயிங் தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோயிங்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் வாசித்த நேரத்தில் நான் எதையும் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. வீட்டைவிட்டு வெளியே காலை வைக்கும் ஒருவர் 'போறன்' என்று சொல்வதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கீழே சந்தைக்குத் தக்காளி வாங்க இறங்கினாலும் வாறன் என்றுதான் சொல்வோம். ஒருவன் கதவடியில் நின்று சொன்னதை என் நாக்கு அப்படித்தான் தமிழாக்கியது.

"கோயிங் தான்," என்றேன். "தமிழிலை அது வாறன் எண்டு தான் வரும்."

"பாத்தியளே," என்றாள் மாமி. "போறன் எண்டு" என்றாள் மொரீசியஸ் அக்கா மறுபடியும், இந்தத் தரம் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் தாங்கள் வென்றதாக நினைப்பு. தளபதி வருவான், வரமாட்டான், வந்தாலும் கால் போய்த்தான் வருவான், அதற்குள் தையல்காரியை மந்திரியின் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று பெரிய சண்டை நடந்தது. அவ்வளவு சந்தோசமான சண்டையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. என் காது அதில் இல்லை. கதவோரத்தைப் பார்த்தேன். தங்கச்சி எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது.

இவள் வாறன் என்பதை எப்படி எடுத்திருப்பாள்? திரும்பி வருவேன் என்ற வாக்காகவா? அதை நம்பிச் சூரிச்சுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டால், ஒரு சீன நடிகனின் வாயில் நான் வைத்த சொல்லுக்காக இவள் வயதெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா? சரி, திருத்திச் சொல்லலாம். ஆனால் திருத்துவது என்றால், அவளுடைய முகத்துக்கு நேரே, அவன் 'போறன்' என்று சொன்னான் என்று நான் சொல்ல வேண்டும். அதை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை வழக்கம்போல மூவரும் ஒன்றாகப் படியிறங்கினோம். நான் மகளைப் பாலர் பள்ளியில் விட வேண்டும். தங்கச்சி சீசா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோரா வீட்டுக்குப் பஸ் எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் சந்தைக் கூடாரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்கடை வாசலில் தண்ணீர் ஓடியது, மகளைத் தூக்கிக்கொண்டேன்.

"நேற்றுக் கதையிலை," என்று தொடங்கினேன். "அவன் சொன்னது... அந்த அக்கா சொன்னது தான் சரி. அவன் போறன் எண்டு தான்..."

"அக்கா," என்றாள் அவள். "நீங்கள் கத்தரிக்காய் வாங்கப் போகேக்கையும் அப்பிடித்தானே சொல்லுறனீங்கள். எனக்கு விளங்காதே?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு நடந்தாள்.

"நான் அவனைப் பாக்கேல்லை அக்கா. அவளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். கதவு சாத்தினாப் பிறகு அவள் என்ன செய்யப் போறாள் எண்டு. அடுத்த நாள் விடிய எழும்பி என்ன செய்தவள்? தைக்கப் போனவளோ? ஆரோடை கதைச்சவள்? அதைக் காட்டுவினம் எண்டு பாத்தன். அதுக்கு முன்னம் முடிச்சுப்போட்டினம்."

பஸ் தரிப்பிடம் வந்துவிட்டது. அவள் என் தோளில் இருந்த மகளின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "அண்ணா பாத்த பெடியனை எனக்கு வேண்டாம் எண்டில்லை. ஆனா அவற்றை அம்மாவுக்கு நான் என்னண்டு சொல்லுறது? அது தெரியாமத்தான் இவ்வளவு நாளும் இழுத்தனான்."

அவர் என்று அவள் சொன்னது மொஸ்கோ வழியாகப் புறப்பட்டுக் காணாமல் போனவனை. அவனுடைய தாய் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். மகனிடமிருந்து ஏதாவது செய்தி வந்தால் கொழும்புக்குத்தான் வரும் என்று ஊரைவிட்டு வந்து, ஒரு அறையில் வேறு குடும்பங்களோடு காத்திருந்தாள். அவனுடைய செய்தி கேட்டுத் தங்கச்சி மாதத்துக்கு ஒருமுறை அங்கே தொலைபேசி எடுப்பாள். இரண்டு பேரும் கதைப்பதற்கு ஒன்றும் இருக்காது. "ஏதும் தெரிஞ்சுதோ" என்று இவள் கேட்பாள், "இல்லைப் பிள்ளை" என்று அவள் சொல்வாள்.

"நான் எடுத்துச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஏன் கேட்டேன் என்று பயந்தேன்.

"இல்லை. நான் தான் சொல்லவேணும். நீங்கள் கூட வந்தாக் காணும்."

அடுத்த வியாழன் பின்னேரம் போனோம். எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டுக்கு எடுக்க முடியாதபடி என் கணவர் சின்னப் பூட்டுப் போட்டிருந்தார். சந்தைக்கு அங்காலே, கண்ணாடிப் பெட்டிகள் வைத்த ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. லொட்ஜுக்கு முதலில் எடுத்து ஆளைக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட வேண்டும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் தங்கச்சி சுவரில் ஒட்டியிருந்த நாடுகளின் கட்டண விபரத்தை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு நின்றாள். நான் மகளுக்கு மூக்குத் துடைத்தேன், துடைத்த மூக்கையே திரும்பவும் துடைத்தேன்.

இரண்டாம் முறை அவள் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வாய் அசைந்தது. பிறகு நின்றது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள், அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரியும் என்பதுபோல. அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை.

வெளியே வந்து கடைக்காரனிடம் காசைக் கொடுத்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினாள். கேட்காமல் இருப்பதும் பிழையோ என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"நான் சொல்லி முடிக்க விடேல்லை," என்றாள். "'நீ கேப்பாய், கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் பிள்ளை' எண்டு சொன்னவ. நீ போய் ஒரு இடத்திலை நல்லா இரு எண்டு சொல்ல எத்தினையோ நாள் வாய் வந்ததாம். ஆனா தான் முதலிலை சொன்னா, 'என்ரை பிள்ளை உயிரோடை இல்லை எண்டு நானே சொன்ன மாதிரி ஆயிடும்' எண்டு பயத்திலை இருந்தவவாம்."

ஒவ்வொரு மாதமும் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர், ஒருவர் மற்றவருக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

"அண்ணாவுக்கு இப்பவே எடுப்பமோ?" என்று கேட்டேன். கடை இன்னும் பக்கத்தில்தான் இருந்தது.

"நாளைக்கு எடுப்பம் அக்கா. இண்டைக்கு அந்த அம்மா அழட்டும்."

அடுத்த நாள் எடுத்தாள். சித்திரையில் சூரிச்சில் கலியாணம் நடந்தது. காணாமல் போன பெடியனைப் பற்றி இதை எழுதும் இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தமிழை இத்தாலியன் இழுப்போடு பேசுகிறாள். வியாழக்கிழமைக் கூட்டமும் குறைந்துவிட்டது. ஆளுக்காள் வடக்கே மிலானுக்கும் ரெஜ்ஜியோவுக்கும் போய்விட்டார்கள். இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது, படிக்கட்டு முழுக்க ஆட்கள். வியாழன் என்பதை நான் மறந்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

மேல்படியில் மாமி கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கை துலைஞ்சனீங்கள் ரெண்டு பேரும்? கிழவி வந்து எங்களைக் கள்ளர் மாதிரிப் பாத்திட்டுப் போறாள்."

நான் ஏதோ சமாளிக்க வாய் எடுத்தேன். தங்கச்சி முந்திவிட்டாள். படியில் நின்றபடியே, யாருக்குத் தொலைபேசி எடுத்தது, என்ன சொன்னது, அந்த அம்மா என்ன சொன்னா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தளபதிக்காக அத்தனை வாதாடியவர்களில் ஒருத்தியும் இவள் செய்தது சரி என்றோ பிழை என்றோ சொல்லவில்லை. கீழே சந்தையில் யாரோ ஒருவன் கடைசி எலுமிச்சம்பழங்களைக் கூவி விற்றுக்கொண்டிருந்தான்.

மாமிதான் கேட்டாள். "அந்த மனுசி இரவைக்கு ஏதும் சாப்பிட்டவவோ எண்டு கேட்டனியே?"

தங்கச்சி மாமியைப் பார்த்தாள். "இல்லை மாமி. கேக்க மறந்திட்டன்," என்றாள். அத்தனை நாளும் அழாதவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, மாமியின் கேக் பெட்டியில் முகத்தை வைத்து அழுதாள். மாமி பெட்டியை நகர்த்தவில்லை. நான் மகளைக் கீழே இறக்கிவிட்டு, சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தேன்.